பெட்டகமும் பேரமும்

1954ஆம் ஆண்டு நியூயார்க்கின் புரூக்ளின் துறையிலிருந்து ஜெர்மனியின் பிரேமர்காவன் துறைக்கு ‘வாரியர்’ என்னும் சரக்குக் கப்பல் புறப்பட்டது. அது சுமந்த சரக்கின் எடை 5,015 டன். எண்ணிக்கையில் சொன்னால் 1,94,582 உருப்படிகள். அட்டைப்பெட்டி, சாக்கு மூட்டை, பீப்பாய், சிப்பம், மரச்சட்டம் அடித்த பெட்டி என ஒவ்வொன்றும் மனிதக் கைகளைக் கடந்தே கப்பலுக்குள் சென்றது. ஏற்றுவதற்கு ஆறு நாள் ஆயிற்று. அட்லாண்டிக் பெருங்கடலைக் கடக்கப் பத்தரை நாள். மறுகரையில் இரவு பகலாக உழைத்து இறக்க நான்கு நாள். ஆய்வாளர்கள் பின்னர் இந்த ஒரு பயணத்தின் கணக்கை வரிவரியாகப் பிரித்துப் பார்த்தனர். மொத்தச் செலவு 2,37,577 டாலர். கடற்பயணத்துக்கு ஆனது அதில் 11.5 விழுக்காடு மட்டுமே. இரு கரைகளிலும் சரக்கைக் கையாள்வதற்கு ஆனது 36.8 விழுக்காடு. கடல் மலிவாக இருந்தது, கரை விலை மிகுந்திருந்தது. கப்பல் முதலாளிகள் இதை ஆய்வறிக்கை வருமுன்பே உணர்ந்திருந்தனர். குறைக்கும் வழிதான் அவர்களுக்குப் பிடிபடவில்லை.

கப்பலின் சரக்கறைக்குள் இறங்கி உழைத்தவர்களை வெறும் தோள்வலிமை உடையோர் என்று நினைப்பது தவறு. நீண்டு, குறுகி, விளிம்புகளில் வளைந்த இரும்பு வயிறு அது. ஒன்றுக்கொன்று ஒவ்வாத பல்லாயிரம் வடிவங்களை அதற்குள் இடைவெளியின்றி அடுக்க வேண்டும். காப்பிக்கொட்டை அருகில் பதனிடாத தோலை வைத்தால் காப்பியில் நாற்றம் ஏறும். மாவு மூட்டைமேல் எண்ணெய்ப் பீப்பாய் நின்றால் மாவு கெடும். முதலில் சேரும் துறைக்குரிய சரக்கு மேலேயும், கடைசித் துறைக்குரியது அடியிலும் இருக்க வேண்டும். எடை முழுவதும் அடியில் திரண்டால் கப்பல் விறைத்து, ஒவ்வோர் அலைக்கும் வெடுக்கென்று திரும்பும். அந்த உலுக்கலில் கட்டுகள் அறுந்து சரக்கு உடையும். எடை மேலே ஏறினாலோ கப்பல் சோம்பிச் சாய்ந்து, நிமிரத் தயங்கும். கப்பல் அலுவலர் இதற்கான கணக்கைத் தாளில் வகுப்பார். தாளில் உள்ளதைச் சரக்காக நிறுத்துவது குழுவின் கண்ணும் கையும். கருங்கல் சுவர் எழுப்பும் கொத்தன் அடுத்த கல்லைத் தொடுமுன்பே அது பொருந்தும் இடத்தைக் கண்டுவிடுவது போல, தேர்ந்த துறைமுகத் தொழிலாளி அடுத்த மூட்டை மேலிருந்து இறங்கும்போதே அதன் இருப்பிடத்தை அறிந்திருப்பான்.

இந்தத் திறனைக் கற்பித்த பள்ளி ஏதும் இல்லை. தந்தையிடமிருந்து மகனுக்கும், மூத்த கையிடமிருந்து இளைய கைக்கும் அது வந்தது. சான்றிதழ் இல்லாததால் அரசின் ஏடுகளில் இவர்கள் திறனற்ற தொழிலாளர்களாகவே பதிவாயினர். அளக்கும் கோல் தம்மிடம் இல்லாதபோது பொருளே இல்லை என்று எழுதிவிடும் வழக்கம் உலகத்து அரசுகள் அனைத்துக்கும் பொது. இன்றைய திறன் மேம்பாட்டுத் துறைகளும் அதற்கு விலக்கல்ல. வெகுமக்கள் இயக்கங்களின் உளவியலை ஆராய்ந்து 1951இல் புகழ்பெற்ற நூலொன்றை வெளியிட்ட எரிக் ஹாஃபர், சான்பிரான்சிஸ்கோ துறையில் மூட்டை தூக்கிப் பிழைத்தவர் என்பதையும் இங்கே நினைவுகூரலாம். நூல் வெளிவந்து புகழ் சேர்ந்த பின்னும் அவர் அந்த வேலையை விடவில்லை.

திறன் இருந்தது, நிலையான வேலை இருக்கவில்லை. கப்பல் வந்தால் வேலை, வராவிட்டால் பட்டினி. நியூயார்க்கில் நாள்தோறும் காலையில் தொழிலாளர்கள் துறைவாயிலில் அரைவட்டமாகக் கூடி நிற்பர். ஆள்பிடிக்கும் மேஸ்திரி சுற்றிப் பார்த்துச் சிலரைச் சுட்டுவார், மற்றவர்கள் வீடு திரும்புவர். சுட்டுவிரலுக்குக் கையூட்டு உண்டு, கூலியிலிருந்து பங்கு உண்டு. அமெரிக்காவின் மேலைக் கடற்கரையில் இந்த முறை 1934இல் உடைந்தது. அவ்வாண்டு நடந்த நெடிய வேலைநிறுத்தத்தில் ஜூலை 5ஆம் நாள் சான்பிரான்சிஸ்கோவில் காவலர் துப்பாக்கிக்கு இருவர் பலியாயினர். நகரமே வேலைநிறுத்தத்தில் இறங்கியது. முடிவில் தொழிலாளர்கள் பெற்றது கூலி உயர்வு மட்டுமில்லை. முதலாளிகளும் சங்கமும் சேர்ந்து நடத்தும் பணியமர்த்து கூடம் ஒன்றும் கிடைத்தது. வேலையைப் பகிர்ந்தளிப்பவரைச் சங்கமே தேர்ந்தெடுக்கும். குறைந்த மணிநேரம் வேலை பார்த்தவருக்கு முதல் அழைப்பு. நாளடைவில் எல்லோருடைய வருமானமும் ஏறத்தாழச் சமமாகும். பின்னால் எந்திரம் வந்தபோது இந்தக் கூடமும் அதன் பெயர்ப் பதிவேடும் என்ன செய்தன என்பதில்தான் இக்கட்டுரையின் செய்தி அடங்கியிருக்கிறது.

எந்திரம் முதலில் கீழைக் கடற்கரையில் தோன்றியது. வட கரோலினாவைச் சேர்ந்த மால்கம் மெக்லீன் லாரித் தொழிலில் செல்வம் சேர்த்தவர். கடலைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது என்பதே அவருடைய பெரிய முதலீடாயிற்று. 1956 ஏப்ரல் 26 அன்று, பழைய எண்ணெய்க் கப்பலான ‘ஐடியல் எக்ஸ்’ அவருடைய 58 சரக்குப் பெட்டகங்களைத் தளத்தின்மேல் ஏற்றிக்கொண்டு நியூவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்குப் புறப்பட்டது. தளர்சரக்கை ஏற்ற டன்னுக்கு 5.83 டாலர் ஆகிவந்த காலம் அது. மெக்லீனின் கணக்கர்கள் இந்தக் கப்பலுக்குப் போட்ட கணக்கில் டன்னுக்கு 16 சென்ட்கூட ஆகவில்லை.

பெட்டி புதிதன்று. இருப்புப்பாதை நிறுவனங்கள் அதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே பெட்டிகளைப் பயன்படுத்தின. புதுமை பெட்டியின் எட்டு மூலைகளில் இருந்தது. ஒவ்வொரு மூலையிலும் துளையிட்ட எஃகு வார்ப்பு ஒன்று. கீழேயுள்ள பெட்டியின் மூலைக்கும் மேலே வரும் பெட்டியின் மூலைக்கும் இடையே சிறு கூம்பு வடிவப் பூட்டு. துளைக்குள் நுழையும்போது அது நீளவாட்டில் இருக்கும். கால் வட்டம் திருப்பினால் குறுக்காகி இரு பெட்டிகளையும் கவ்விக்கொள்ளும். பாரந்தூக்கியின் சட்டத்திலும் இதே பூட்டு உண்டு. ஆகவே கண்ணி மாட்டவும் கயிறு கட்டவும் ஆள் வேண்டியதில்லை. பெட்டியின் சுவர்கள் எடை தாங்குவதில்லை, மூலைத்தூண்களே தாங்குகின்றன. அதனால்தான் சுமையேற்றிய பெட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்க முடிகிறது. இந்த அமைப்பை வடிவமைத்தவர் கீத் டான்ட்லிங்கர் என்னும் பொறியாளர். சரக்கறையில் தலைமுறைகள் கற்றுச் சேர்த்த அடுக்கும் கலையை இந்த மூலைப்பூட்டு தேவையற்றதாக்கியது. அடுக்கும் வேலை கப்பலை விட்டு, எங்கோ உள்நாட்டுத் தொழிற்சாலையின் கொல்லைப்புறத்துக்குப் போய்விட்டது.

மெக்லீனைத் தனியொரு வீரராகப் பாடும் நூல்கள் பல. அவை சொல்லாமல் விடுவதும் ஒன்றுண்டு. ஒவ்வொரு நிறுவனமும் தன் விருப்பப்படி பெட்டி செய்த காலத்தில் ஒருவர் பெட்டி மற்றவர் கப்பலில் பொருந்தாது. பத்தடி, இருபதடி, முப்பதடி, நாற்பதடி என்று நீளங்களை வரையறுக்கும் வேலை 1958 முதல் அரசு அமைப்புகளிலும் தரக்குழுக்களிலும் ஆண்டுக்கணக்கில் நடந்தது. 1963இல் மெக்லீனின் நிறுவனம் மூலைப்பூட்டின் காப்புரிமையைப் பொதுப் பயன்பாட்டுக்கு விட்டுக்கொடுத்தது. உலகு தழுவிய தரநிலை அதன்பிறகே கைகூடியது. 1967 முதல் வியட்நாமின் காம் ரான் விரிகுடாவுக்கு அமெரிக்கப் படைத்துறை பெட்டகங்களில் தளவாடம் அனுப்பியது. போகும் பயணத்துக்கு அரசே முழுக் கட்டணம் செலுத்திவிட்டதால், திரும்பும் கப்பல்கள் ஜப்பானில் நின்று சரக்கேற்றியது ஏறத்தாழத் தூய இலாபம். பசிபிக் வணிகத்துக்கு அப்படித்தான் வழி திறந்தது. புத்தாக்கத்தைத் தனியார் துணிவின் விளைவாக மட்டும் கருதித் தீட்டப்படும் கொள்கைகள், குழுவறையின் பொறுமையையும் அரசுப் பணத்தின் ஈரத்தையும் கணக்கில் சேர்ப்பதில்லை.

மேலைக் கடற்கரையில் பெட்டகம் வேறு முகத்தோடு வந்தது. ஹவாய்த் தீவுகளோடு வணிகம் செய்த மேட்சன் நிறுவனம், ஃபாஸ்டர் வெல்டன் என்னும் செயல்முறை ஆய்வறிஞரை அமர்த்தி, எந்தச் சரக்கு எவ்வளவு, எந்த நீளப் பெட்டி இலாபம், கப்பல் எத்தனை நாள் எங்கே நிற்க வேண்டும் என்று கணிப்பொறியில் கணக்கிட்டது. 1958 ஆகஸ்டில் முதல் பயணம். 1959 ஜனவரியில் சான்பிரான்சிஸ்கோ விரிகுடாவின் அலமீடா கரையில் பெட்டகங்களுக்கென்றே கட்டிய முதல் பெரும் பாரந்தூக்கி இயங்கத் தொடங்கியது. இருபது டன் பெட்டி ஒன்றை மூன்று நிமிடங்களுக்கு ஒருமுறை அது கப்பலில் வைத்தது. கையால் ஏற்றும் ஒரு குழுவின் வேகத்தோடு ஒப்பிட்டால் இது நாற்பது மடங்குக்கும் மேல்.

அந்தக் கரையின் சங்கத்துக்குத் தலைவர் ஹாரி பிரிட்ஜஸ். மெல்போர்னில் பிறந்து, கப்பலேறி வந்து, 1934 போராட்டத்தில் தலையெடுத்தவர். பொதுவுடைமையாளர் என்று குற்றஞ்சாட்டி அவரை நாடு கடத்த அமெரிக்க அரசு இருபதாண்டுகள் முயன்று தோற்றிருந்தது. எந்திரத்தை எதிர்த்து நிற்பதே இத்தகையவரின் இயல்பு என்று முதலாளிகள் எண்ணியிருக்கலாம். சங்கமும் அதுவரை அப்படியே நின்றது. ஒரு கண்ணியில் 2,100 பவுண்டுக்கு மேல் தூக்கக் கூடாது, குழுவில் இத்தனை பேருக்குக் குறையக் கூடாது, லாரியிலிருந்து வரும் சரக்கை ஒருமுறை தரையில் இறக்கிவிட்டுத்தான் கப்பலுக்கு ஏற்ற வேண்டும் என்று எழுதிய விதிகளும் எழுதாத விதிகளுமாக ஒரு வேலி இருந்தது. 1957இல் சங்கப் பேராளர்கள் முன் தலைமை ஒரு கேள்வியை வைத்தது. இந்த வேலியை ஒவ்வொரு முளையாக இழந்துகொண்டே பின்வாங்குவதா, அல்லது முழு வேலியையும் ஒரே தவணையில் நல்ல விலைக்கு விற்றுவிடுவதா?

விற்பதென்றே முடிவாயிற்று. மூன்றாண்டுப் பேச்சுக்குப் பின் 1960 அக்டோபர் 18ஆம் நாள் எந்திரமயமாக்கல், நவீனமயமாக்கல் ஒப்பந்தம் கையெழுத்தானது. முதலாளிகள் ஐந்தரை ஆண்டுகளில் மொத்தம் 2.9 கோடி டாலர் செலுத்துவர். முழுப் பதிவு பெற்ற எவரையும் ஆட்குறைப்பு செய்யக் கூடாது. எந்திரத்தால் வேலை குறைந்தாலும் வாரத்துக்கு 35 மணிநேரக் கூலிக்குப் பொறுப்பு உண்டு. 25 ஆண்டு உழைத்து 65 வயதில் விலகுவோருக்கு ஓய்வூதியத்துக்கு மேல் 7,920 டாலர். 62 வயதிலேயே போக விரும்புவோருக்கு இடைக்காலத் தொகை. இவற்றுக்கு ஈடாக, வேலையை எப்படிச் செய்வது என்னும் உரிமை முதலாளிகளிடம் சென்றது.

தொழில் வரலாற்றில் இது அரிய ஆவணம். உரிய காலத்தில் எழுதப்பட்டது என்பதே அதன் முதற்சிறப்பு. பாரந்தூக்கி ஒருசில கரைகளில் மட்டுமே நின்றபோது, பெட்டகம் மொத்தச் சரக்கில் சிறு பங்காக இருந்தபோது, தொழிலாளியின் கை இன்னும் தேவைப்பட்டபோது பேரம் நடந்தது. ஐந்தாண்டு கழித்திருந்தால் சங்கத்திடம் விற்க எதுவும் மிஞ்சியிருக்காது. 1934இல் பிறந்த பதிவேடு இருந்ததால், காப்புறுதி யாருக்குரியது என்பதில் ஐயம் எழவில்லை. எந்திரத்தின் ஊதியத்தில் தொழிலாளிக்கும் பங்கு உண்டு என்னும் கொள்கையை அறிஞர்கள் மேடையில் பேசுகிறார்கள். இங்கே அது தொகையும் தவணையுமாக எழுதப்பட்டது. அரசின் சட்டம் எதுவும் இதை ஆணையிடவில்லை. ஆனால் கூட்டுப் பேர உரிமையைக் காத்த சட்டம் இல்லாதிருந்தால் இந்தப் பேர மேசையே அமைந்திருக்காது.

விளைவுகள் எவரும் எதிர்பாராத வரிசையில் வந்தன. ஒப்பந்தம் கையெழுத்தானவுடன் எந்திரங்கள் வந்து குவியவில்லை. முதலாளிகளுக்கு முதற்பயன் பழைய விதிகள் நீங்கியதால் கிடைத்தது: குழுவில் ஆள் குறைந்தது, கண்ணியில் சுமை கூடியது. அதாவது எந்திரத்துக்குப் பதில் முதுகுகளே கூடுதலாக வளைந்தன. பிரிட்ஜஸ் இதைக் கண்டு கொதித்து, எந்திரங்களைக் கொண்டுவாருங்கள் என்று முதலாளிகளை வற்புறுத்தினார். எந்திரம் வேண்டும் என்று தொழிற்சங்கத் தலைவர் போராடிய காட்சியை எந்த எதிர்காலவியலாரும் முன்னறிந்து சொன்னதில்லை. அதற்குள் சரக்கின் அளவும் பெருகியதால் 35 மணிநேர உறுதிக்கென ஒதுக்கிய பணத்தைத் தொடவே நேரவில்லை. 1966இல் அது முழுப் பதிவு பெற்ற தொழிலாளர்களுக்குப் பகிர்ந்து வழங்கப்பட்டது.

அந்த மகிழ்ச்சியில் சிலருக்கே பங்கு. பதிவேட்டில் முதல் வரிசை, இரண்டாம் வரிசை என்று இருந்தது. அதற்கும் வெளியே பெயரற்ற நாட்கூலிகள் இருந்தனர். காப்புறுதி முதல் வரிசைக்கே. இரண்டாம் வரிசையினர் சந்தா கட்டினர், கடினமான சரக்கறை வேலையைச் செய்தனர், வாக்குரிமை மட்டும் இல்லை. இன்னும் பிறவாத தொழிலாளிக்கு யாரும் பேசவில்லை, பேசவும் இயலாது. பிரிட்ஜசின் ஒப்பந்தம் ஒரு தலைமுறையை மாண்போடு ஓய்வுக்கு அனுப்பி வைத்தது. அவர்களுடைய மகன்களுக்குரிய இடங்களைத்தான் விலையாகக் கொடுத்தது. இதைக் குறையாகச் சொல்வோர் உண்டு. என் கணிப்பில், ஒரு சங்கம் செய்யக்கூடியதின் எல்லை அதுவே. சங்கத்தின் பதிவேட்டுக்கு வெளியே நிற்போரைக் காப்பது அரசின் கடமை. அக்கடமையை அன்றைய அரசு உணர்ந்ததாகத் தெரியவில்லை.

திறன் பற்றிய சிக்கல் அதைவிட நுண்ணியது. புதிய பாரந்தூக்கியை இயக்க நெடும்பயிற்சி வேண்டும். உயரத்தில் கண்ணாடிக் கூண்டில் அமர்ந்து, கீழே ஊசலாடும் இருபது டன்னை அதன் ஊசலுக்கேற்ப முன்னே நகர்த்தி நிறுத்தும் கலை எல்லோருக்கும் வாய்ப்பதன்று. பயிற்றுவித்த ஆளை நாள்தோறும் கூடத்தின் பொது வரிசையில் விட்டுவிட முதலாளிகள் விரும்பவில்லை. 1966 ஒப்பந்தத்தின் ஒரு பிரிவு, தேர்ந்த இயக்குநர்களைத் தனி நிறுவனங்கள் நிலையாக வைத்துக்கொள்ள இடம் தந்தது. அவர்கள் கூடத்துக்கு வர வேண்டியதில்லை, வரிசையில் நிற்க வேண்டியதில்லை, மற்றவர்களைவிடக் கூடுதலாக ஈட்டினர். 1934இல் இரத்தம் சிந்திப் பெற்ற சமநிலை இந்த ஒரு பிரிவில் விரிசல் கண்டது. 1971 ஜூலையில் தொடங்கி 134 நாள் நீண்ட வேலைநிறுத்தத்துக்கு இதுவும் ஒரு காரணம். பயிற்சி அனைவருக்கும் நன்மை தரும் என்று கொள்கை அறிக்கைகள் எழுதும்போது, பயிற்சி பெற்றவனும் பெறாதவனும் அதுவரை ஒரே வரிசையில் நின்றவர்கள் என்பதை மறந்துவிடுகின்றன.

கீழைக் கடற்கரையின் கதை சுருக்கமானது, கசப்பானது. 1963–64இல் மன்ஹாட்டன் துறைகளில் 14 இலட்சம் தொழிலாளர்-நாள் வேலை நடந்தது. 1975–76இல் 1,27,041. பன்னிரண்டாண்டுகளில் பத்தில் ஒன்பது பங்கு மறைந்தது. அங்கும் ஆண்டுக்கு 1,600 மணிநேர ஊதிய உறுதி பெறப்பட்டது, பின்னர் அது 2,080 மணியாக உயர்ந்தது. ஆனால் ஒவ்வொன்றும் வேலைநிறுத்தத்தின் முனையில் பிடுங்கப்பட்டது. வேலை ஹட்சன் ஆற்றைக் கடந்து நியூவார்க்குக்கும் எலிசபெத்துக்கும் சென்றுவிட்டது. தேநீர்க்கடை, பழுதுபார்ப்புக் கூடம், கிடங்கு, சிறு தொழிற்சாலை என அதைச் சுற்றியிருந்தவை எந்தப் பதிவேட்டிலும் இல்லாதவை. அவற்றுக்கு இழப்பீடு கேட்க ஆளில்லை.

இலண்டனில் அரசே பதிவேடு வைத்திருந்தது. 1947இன் துறைமுகத் தொழிலாளர் திட்டம் பதிவு பெற்றவருக்கு வேலைப் பாதுகாப்பு தந்தது. 1965இல் டெவ்லின் குழு நாட்கூலி முறையை ஒழிக்கப் பரிந்துரைத்தது. 1967இல் அது ஒழிந்தது. அதே ஆண்டு கிழக்கிந்தியத் துறையும் மூடப்பட்டது. அடுத்தது செயின்ட் கேதரின், பின்னர் சர்ரே, 1981இல் ராயல் துறைகள். ஏன்? திட்டத்தின் எல்லைக்குள் குறித்த சில துறைமுகங்களே இருந்தன. முன்பு சிறு துறையாயிருந்ததால் ஃபெலிக்ஸ்டோ அதில் சேரவில்லை, பெட்டகமும் அங்கே போயிற்று. பெட்டியை நிரப்பும் வேலை உள்நாட்டுக் கிடங்குகளுக்குப் போனது. அங்கே பதிவற்றோர் குறைந்த கூலிக்கு அதைச் செய்தனர். அந்த வேலை எமது என்று கிடங்குகளை மறித்த ஐந்து தொழிலாளர் பேராளர்கள் 1972 ஜூலையில் பென்டன்வில் சிறையில் அடைக்கப்பட்டதும், நாடெங்கும் எழுந்த கொந்தளிப்பில் சில நாளில் விடுவிக்கப்பட்டதும் பிரிட்டனின் அரசியலையே உலுக்கியது. 1989இல் திட்டத்தை ஒழித்தபோது அதில் எஞ்சியிருந்தோர் ஏறத்தாழ 9,400 பேர். துறைமுகத்தின் மதிலுக்குள் வேலையைக் காத்த சட்டம், மதிலைத் தாண்டி நகரக்கூடிய வேலையைக் கனவிலும் கருதவில்லை.

சிங்கப்பூர் மற்றொரு துருவம். தஞ்சோங் பகாரில் தமிழ்த் தொழிலாளர் தலைமுறைகளாக மூட்டை சுமந்த துறை அது. பிரிட்டிஷ் படைத்தளம் கிளம்புகிறது, பல்லாயிரம் பேரின் வேலை போகிறது என்ற நெருக்கடியிலேயே அரசு உலக வங்கியிடம் கடன் பெற்றுப் பெட்டக முனையம் கட்டியது. 1972 ஜூன் 23 அன்று ‘நிஹோன்’ கப்பல் 300 பெட்டகங்களோடு வந்து சேர்ந்தது. அங்கே சங்கத்துக்கும் முதலாளிக்கும் பேரம் நடந்ததென்று சொல்ல இயலாது. அரசே இருபுறமும் அமர்ந்திருந்தது. அதன் ஒரு கருவி மட்டும் தனித்துக் கவனிக்கத் தக்கது. 1979இல் மாதம் 750 வெள்ளிக்கும் குறைவாகச் சம்பளம் பெறும் ஒவ்வொரு தொழிலாளிக்கும் முதலாளி ஒரு தீர்வை செலுத்த வேண்டும் என்றும், அந்தப் பணம் பயிற்சி நிதிக்குச் செல்லும் என்றும் சட்டம் வந்தது. மலிவான கூலிக்கு விலை வைத்து, அந்த விலையைக் கொண்டே திறன் வளர்க்கும் ஏற்பாடு. குறைகூலியைக் கொள்கையாகவே கொண்ட நாடுகள் பயிற்சித் திட்டங்களை விழா எடுத்துத் தொடங்குவதைப் பார்க்கும்போது, இதன் கூர்மை விளங்கும்.

அதே சிங்கப்பூர் பின்னாளில் தர்மன் சண்முகரத்தினம் தலைமையிலான மன்றத்தைக் கொண்டு ‘ஸ்கில்ஸ்ஃபியூச்சர்’ இயக்கத்தை உருவாக்கியது. 25 வயது நிரம்பிய ஒவ்வொரு குடிமகனுக்கும் 500 வெள்ளி பயிற்சிக் கணக்கில் வைக்கப்பட்டது. நோக்கம் நன்று. 2017இல் போலி நிறுவனங்களைக் கொண்ட ஒரு கும்பல் ஏறத்தாழ நான்கு கோடி வெள்ளியை இல்லாத பயிற்சிகளின் பெயரால் சுருட்டியது. நேர்மைக்குப் பெயர்போன நிருவாகத்திலேயே இது நேர்ந்தது. குற்றவாளிகளைத் தண்டித்தாயிற்று. எனினும், ஒருவர் பயிற்சி பெற்றார் என்பதைத் தாளால் அன்றி வேறெதனால் அறிவது என்ற கேள்வி அங்கேயே நிற்கிறது. சரக்கறைத் தொழிலாளியின் திறனைத் தாளில் காண முடியாமல் இல்லை என்று எழுதிய அதே கோல், இங்கே இல்லாத திறனைத் தாளில் கண்டு உண்டு என்று எழுதிவிட்டது.

சென்னையில் இந்தியாவின் முதல் தனிப் பெட்டக முனையம் 1983 டிசம்பரில் திறக்கப்பட்டது. 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழி வந்த துறைமுகத் தொழிலாளர் வாரியம் இங்கும் பதிவேடு வைத்திருந்தது. பதிவில் இருந்தோர் காக்கப்பட்டனர், ஓய்வு பெற்றனர், புதியோர் சேர்க்கப்படவில்லை. 2001இல் வாரியம் துறைமுகப் பொறுப்புக் கழகத்தோடு இணைக்கப்பட்டது. முழக்கமும் முற்றுகையும் பெரிதாக எழாமலே ஒரு தொழில் முதுமையடைந்து நின்றது. இதை வெற்றி என்பதா, இழப்பு என்பதா? அன்றைய இராயபுரத்து இளைஞன் எங்கே வேலை தேடிப் போனான் என்பதை எந்த வாரியத்தின் ஏடும் குறித்து வைக்கவில்லை.

இன்று அடுத்த அலை. ராட்டர்டாமில் 1993 முதலே ஓட்டுநரில்லா வண்டிகள் பெட்டகங்களைக் கொண்டு செல்கின்றன. 2022 செப்டம்பரில் முறைப்படி திறக்கப்பட்ட சிங்கப்பூரின் துவாஸ் துறைமுகம், 2040களில் முழுமை பெறும்போது ஆண்டுக்கு 6.5 கோடி இருபதடிப் பெட்டிகளைக் கையாளும். பாரந்தூக்கியின் கண்ணாடிக் கூண்டிலிருந்த இயக்குநர் திரைகள் நிறைந்த அறைக்கு இறங்கி வந்துவிட்டார். கேரளத்தின் விழிஞத்தில் முற்றப் பாரந்தூக்கிகளை அறையிலிருந்தே இயக்குவோரில் அக்கரையின் மீனவக் குடும்பத்துப் பெண்களும் இருக்கிறார்கள். தோள்வலிமையைக் காரணங்காட்டி அவர்களை விலக்கிய கதவு தானாகத் திறந்தது; பயிற்சி உண்மையில் பயன்பட்ட இடமும் இதுவே. ஆயினும் ஓர் அறையில் எத்தனை நாற்காலிகள் என்பதைப் பயிற்சி முடிவு செய்வதில்லை. செயற்கை நுண்ணறிவு அலுவலகங்களுக்குள் வரும் இந்நாளில் மறுபயிற்சி என்னும் சொல்லைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்த நாற்காலிகளின் எண்ணிக்கையைக் கேட்கத் தோன்றுகிறது. எழுத்தர்க்கும், மொழிபெயர்ப்பாளர்க்கும், நிரல் எழுதும் இளைஞர்க்கும் பதிவேடு இல்லை, கூடம் இல்லை. அவர்கள் சார்பில் மேசையில் அமர்வது யார்?

துறைமுகங்களில் மேசை இன்னும் உண்டு. 2002இல் அமெரிக்க மேலைக் கடற்கரையில் பெட்டக எண்களைக் கருவியே படிக்கும் நுட்பம் வந்தபோது முதலாளிகள் பத்து நாளுக்குத் துறைமுகங்களை மூடினர். முடிவில் சங்கம் நுட்பத்தை ஏற்றது, அன்று பதிவில் இருந்த கணக்கர்களின் வேலைக்கு உறுதி பெற்றது. 1960இன் சாயல் அதில் தெளிவாகத் தெரியும். கீழைக் கடற்கரையினர் 2024 அக்டோபரில் மூன்று நாள் வேலைநிறுத்தம் செய்து ஆறாண்டுகளில் 62 விழுக்காடு கூலி உயர்வும், அடுத்த ஆண்டுத் தொடக்கத்தில் மனிதரே இல்லாத முழுத் தானியக்கத்துக்குத் தடையும், பகுதித் தானியக்கக் கருவி வந்தால் அதனோடு வேலையிடங்களும் வர வேண்டும் என்ற விதியும் பெற்றனர். தடையை விலைக்கு விற்ற பிரிட்ஜசின் வழி ஒன்று, தடையையே பற்றிக்கொண்ட இவர்களுடைய வழி மற்றொன்று. எது நெடுநாள் நிற்கும் என்பது அடுத்த பேச்சில் தெரியும்: அந்த ஒப்பந்தம் 2030 செப்டம்பர் 30 வரை செல்லும்.